காசாகக் கொடுத்தால் மிச்சம் என்பவர்களுக்கு

பண்டிகைக்கு உறவுக்காரர்களுக்குச் செய்கிற செலவைக் குறைக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான்: பொருள் வாங்கி அலையாதே, காசாகக் கொடுத்துவிடு. தீபாவளி நெருங்கினால் பத்திரிகைகளில் நிதி ஆலோசகர்கள் இதை எழுதுகிறார்கள். ஆபீஸில் டீ குடிக்கும்போது சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். கொடுப்பவருக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை இல்லை, வாங்குபவருக்கு வேண்டாத சாமான் வந்து சேரும் தொல்லை இல்லை, செலவுக்கும் ஒரு கணக்கு நிற்கும். கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 12 பொங்கலுக்கு நானும் அதையே செய்தேன். மிச்சம் பிடிக்கக் கிளம்பியவன் கடைசியில் மூன்று மடங்குக்கு மேல் செலவழித்து நின்றேன். ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே.

நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தை பிறக்கும் முன் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போக வேண்டும். தலைப்பொங்கல் என்றால் பானை, அகப்பை, பச்சரிசி மூட்டை என்று வண்டி வைத்துப் போகும். அதற்கடுத்த ஆண்டுகளில் கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, ஒரு வாழைத்தார், தேங்காய், மண்டவெல்லம், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியக்காவுக்கும் மதுரையில் இருக்கும் சின்னக்காவுக்கும் அப்பாவே சுமந்துகொண்டு போவார். கரும்புக் கட்டை பஸ்ஸில் எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு ஒரு சண்டை, அதுவும் படியில் சேர்த்தி. 2008ல் அவர் கடைசியாகப் போய்வந்தபோது எழுதிய சிட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, பஸ் டிக்கெட் உட்பட, 1,460 ரூபாய்.

அடுத்த பொங்கலுக்கு அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரியத்தான் போனில் சொன்னார்: "எதுக்கு மாப்ளே லோல்படுதீரு? ரூவாயா அனுப்பிரும், நாங்க இங்கனயே வாங்கிக்கிடுதோம்." அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். எனக்கும் லீவு மிச்சம். ஆளுக்கு 1,000 அனுப்பினேன்.

2011ல் அது 1,500 ஆனது. சின்னக்காவின் ஓரகத்திக்கு அவள் தம்பி 1,500 அனுப்பியிருந்தான், வேறு காரணம் இல்லை. ஒரு அக்காவுக்கு ஏற்றினால் இன்னொருத்திக்கும் ஏற்றத்தானே வேண்டும். 2014ல் எனக்குப் பதவி உயர்வு வந்தது ஊருக்கே தெரியும், 2,500. 2017 பொங்கல் மறக்க முடியாதது. பணமதிப்பு நீக்கம் நடந்து இரண்டு மாதம். கையில் இருந்தது எல்லாம் புது 2,000 ரூபாய் நோட்டு, சில்லறை எங்கும் கிடையாது. ஒரு நோட்டு கொடுத்தால் போன ஆண்டைவிட 500 குறைச்சல். ஆகவே இரண்டு. மத்திய அரசு கறுப்புப் பணத்தை ஒழிக்கப் போட்ட திட்டம் எங்கள் வீட்டுப் பொங்கப்படியை ஒரே இரவில் 4,000 ஆக்கியது. 2020ல், நாலு என்பது என்னவோ அரைகுறையாக இருக்கிறது என்று நானாகவே ஐந்தாக்கினேன். இரண்டு அக்காவுக்கும் சேர்த்து 10,000. அந்த ஆண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வெறுமனே விலை கேட்டுப் பார்த்தேன். அப்பா கொண்டுபோன அதே படி, அதே அளவு, பஸ் டிக்கெட்டோடு இரண்டு வீட்டுக்கும் 3,000 தாண்டவில்லை.

பொருளின் விலையும்தானே ஏறுகிறது என்பார்கள். ஏறட்டும். ஆனால் பொருளுக்குப் பருவம் என்ற சாக்கு உண்டு. மழை பொய்த்த ஆண்டில் சிறுகிழங்கு சிறுத்திருக்கும், தாரில் நாலு சீப்பு குறைந்திருக்கும். "இந்த வருசம் வெளைச்சல் இல்ல" என்ற ஒரு சொல்லில் கொடுத்தவர் மானமும் வாங்கியவர் மானமும் தப்பிவிடும். பணத்துக்கு ஏது பருவம்? போன ஆண்டு 5,000, இந்த ஆண்டு 3,000 என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தம்பி குறைத்துவிட்டான். அதுவும் தம்பி பெண்டாட்டி குறைக்கச் சொல்லியிருக்கிறாள். கிழங்கு பத்து ரூபாய் ஏறினால் செலவும் பத்து ரூபாய் ஏறும். கவரில் போகும் பணம் பத்து ரூபாய் ஏறாது, நோட்டு நோட்டாகத்தான் ஏறும். 2,500க்கு அடுத்து 2,600 கொடுத்துப் பாருங்கள், வாங்குபவர் முகத்தைப் பார்க்க உங்களால் முடியாது.

இன்னொன்று. என் அப்பா படி கொண்டுபோன ஒரு ஆண்டிலும் இது எவ்வளவு ஆனது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. நான் பணம் அனுப்பிய ஒவ்வொரு ஆண்டும் எங்கோ ஒரு வீட்டு அடுப்படியில் "எவ்வளவு வந்துச்சு?" என்ற கேள்வி எழுந்தது. கிழங்கையும் கரும்பையும் எதோடு ஒப்பிடுவது? எண்ணை எண்ணோடு ஒப்பிடலாம். ஒப்பிட முடிந்த எதுவும் குறையாது.

காசுக் கட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வக்கீல் உண்டு. 1993ல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர், கிறிஸ்துமஸ் பரிசுகளில் எவ்வளவு வீணாகிறது என்று அமெரிக்கன் எகனாமிக் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார்: உங்களுக்கு வந்த பரிசு என்ன விலை இருக்கும், அதற்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்? இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை அளந்து, பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காற்றில் போகிறது என்றார். 2009ல் 'ஸ்க்ரூஜனாமிக்ஸ்' என்று புத்தகமே போட்டார். நம் ஊர் நிதி ஆலோசகர்கள் அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் பேசுவது அவர் பேச்சைத்தான்.

அவரை நான் மட்டமாகப் பேச மாட்டேன். கல்யாணத்துக்கு வந்து சேர்ந்த ஏழு சுவர்க்கடிகாரத்தையும் நாலு லெமன் செட்டையும் பரணில் ஏற்றி வைத்த எவருக்கும் அவர் சொல்வது புரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். உணர்ச்சி சார்ந்த மதிப்பை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார். உப்பை எடுத்துவிட்டுக் குழம்பு எப்படி என்று கேட்பதுபோல. அது போகட்டும். அவர் கணக்கிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. நண்பர்களும் காதலரும் கொடுத்த பரிசில் இழப்பு குறைவு, தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்ததில் அதிகம். அதாவது நம் விருப்பம் தெரிந்தவர் கொடுத்தால் குறைவாகவே வீணாகிறது. இதிலிருந்து 'தெரிந்துகொண்டு கொடு' என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். 'காசாகக் கொடு' என்ற முடிவுக்கு ஏன் தாவ வேண்டும்? அவர் அளந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸின் பரிசுகளை. அந்த ஒரு தடவைக்குக் காசுதான் சிக்கனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தை ஆண்டுக்கு ஆண்டு பிறக்கிறது.

காசுப் பரிசு ஆண்டுக்கு ஆண்டு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள யேல் வரை போக வேண்டாம். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் போனால் போதும். மொய் விருந்து நடக்கும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, நோட்டு எழுத ஆள் உட்கார்ந்திருப்பார். இப்போது கம்ப்யூட்டர், ரசீது, நோட்டு எண்ணும் மிஷின் எல்லாம் வந்துவிட்டது. பழைய நடை எவ்வளவு, புது நடை எவ்வளவு என்று பிரித்து எழுதுவார்கள். வாங்கியதைத் திருப்பினால் போதாது, மேலே கொஞ்சம் வைத்தால்தான் உறவு தொடரும். வைக்காவிட்டால் கணக்கு முடிந்தது, கூடவே உறவும். அந்த ஊர்க்காரர்கள் நேர்மையானவர்கள். அதை அவர்கள் பரிசு என்று சொல்வதில்லை. வட்டியில்லாமல் ஊர் கூடிப் போடும் முதல் அது. அதை வைத்து போர் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, வந்த பணத்தைத் தின்று தீர்த்துவிட்டு ஐந்து ஆண்டு விழி பிதுங்கியவர்களும் உண்டு. கடன் என்று தெரிந்தே வாங்குகிறார்கள், கடன் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். நாம் அதே கடனைக் கவரில் போட்டு, மேலே ஒரு ரூபாய்க் காசு ஒட்டி, அன்பளிப்பு என்று அச்சடித்து நீட்டுகிறோம். இப்போது கவரும் போய் ஜிபே வந்துவிட்டது. அதில் 501 என்று அடித்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு ரூபாய்தான் பாவம், தான் இன்னும் மங்கலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சாட்சிக்கு ரேஷன் கடைக்கு வாருங்கள். அரசு கொடுப்பதைப் பரிசு என்று சொல்லலாமா என்பது வேறு சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை. 2021 பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள். 2022ல் பணம் இல்லை, 21 பொருள் அடங்கிய தொகுப்பு. வெல்லம் உருகி ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் புகார். 2023லும் 2024லும் 1,000. 2025ல் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும். அந்த ஆண்டு எங்கள் தெரு வரிசையில் நின்றவர்கள் வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றே ஆண்டில் ஒழுகிய வெல்லம் மறந்துவிட்டது. 2,500 மறக்கவில்லை. மாநில அரசுக்கே கெட்ட பெயர் இல்லாமல் இறங்க முடியாத ஏணியில் மாதச் சம்பளக்காரன் ஏறி நின்று மிச்சம் பிடிக்கிறேன் என்கிறான்.

நிதி ஆலோசகர்கள் இரண்டாவதாகச் சொல்வது தள்ளுபடியில் வாங்கி வை என்பது. ஆடியில் வாங்கித் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டுமாம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துக்கிடக்கும், கடைக்காரர் தேங்கிய சரக்கைத் தள்ளுகிறார். தள்ளுபடி என்ற சொல்லிலேயே அவர் ஒளிக்காமல் சொல்லியும்விட்டார். வாங்கி வைத்த சட்டைக்குள் ஐப்பசியில் அக்கா மகன் நுழைய வேண்டும், அவன் அதற்குள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பான். 'யாருக்காவது ஆகும்' என்று வாங்கும் பொருள் யாருக்கும் ஆவதில்லை. கிஃப்ட் கார்டு என்ற ஒன்று இருக்கிறது. அது காசும் இல்லை, பொருளும் இல்லை. காசின் எண் இருக்கும், காசின் சுதந்திரம் இருக்காது. ஒரு கடைக்குள் அடைபட்ட 1,000 ரூபாய், அதற்கும் ஒரு கெடு. 963க்குப் பொருள் எடுத்தால் 37 அங்கேயே கிடக்கும். 1,240க்கு எடுத்தால் பரிசு வாங்கியவர் 240 செலவழிப்பார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் மிச்சம் பிடித்தது கடைக்காரர்தான்.

வால்ட்ஃபோகல் நம் ஊர் நவராத்திரிக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். கொலு பார்க்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு ரவிக்கைத் துணி. அதை யாரும் தைத்துப் போடுவதில்லை. அக்கிரகாரமாக இருந்தாலும் அடுக்குமாடியாக இருந்தாலும் அது ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கும், பிறகு அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் ஏறிப் போய்விடும். ஒன்பது நாளில் கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வந்த துணியையும் எனக்குத் தெரியும். அவர் கணக்கில் இது முழு இழப்பு, நூற்றுக்கு நூறு. யாருக்கும் அதை வாங்கும் ஆசை இல்லையே! நான் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறேன். என்றோ யாரோ ஒருவர் 60 ரூபாய் செலவழித்தார். அதற்குப் பிறகு முப்பது பெண்கள் முப்பது பெண்களை வெறுங்கையோடு அனுப்பாமல் ஒன்று கொடுத்தார்கள், முப்பது பேருக்கும் செலவு பூஜ்யம். இதைவிடச் சிக்கனமான பரிசை எந்தப் பொருளாதாரத் துறை கண்டுபிடித்திருக்கிறது? தீபாவளிக்கு ஊர் சுற்றும் சோன்பப்டி டப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த டப்பாவின் ஒரே குற்றம் அதில் காலாவதித் தேதி அச்சாகியிருப்பதுதான்.

என் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. கடையில் வாங்காதே, வீட்டிலேயே பலகாரம் செய்து கொடு என்று மூன்றாவதாக ஒரு யோசனை சொல்கிறார்களே, அதைக் கேட்டு நானும் தலையாட்டியவன்தான். அதிரசத்துக்கு என்ன பெரிய செலவு, பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், எண்ணெய். அந்தக் கணக்கில் என் அம்மா இல்லை. அரிசி ஊறவைத்து, இடித்து, சலித்து, பாகு பதம் பார்த்து, தீபாவளிக்கு முந்தின நாள் நடுராத்திரி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவள் அவள். எட்டு வீட்டுக்குத் தட்டு போகும். எட்டு வீட்டிலிருந்தும் தட்டு திரும்பும், வெறும் தட்டாக வராது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். அழகான வழக்கம்தான். எட்டு வீட்டிலும் ஒரு பெண் நடுராத்திரி வரை நின்றிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அழகு கொஞ்சம் குறையும். பெண்ணின் உழைப்புக்கு விலை போடாததால் மலிவாகத் தெரியும் எதையும் நான் சிக்கனம் என்று சொல்லத் தயாராக இல்லை. வீட்டுக்கு ஒரே ஒரு பலகாரம், அதை ஆணும் சேர்ந்து சுடுவது என்றால் பேசலாம். நான் முறுக்குப் பிழிவேன். கோணலாக வரும். கொடுத்த இடத்தில் அதை யாரும் விலை கேட்டதில்லை.

காசு கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். விந்தை என்னவென்றால் அங்கேதான் நாம் பொருளுக்கு மாறுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஆபீஸில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸ், நாம் கட்டிச் சலித்த புடவை. வாட்ச்மேனுக்கு ஒரு பாக்கெட் மிக்ஸர். வசதியாக இருக்கும் மச்சினனுக்கு 5,000 ரூபாய் கவர். தலைகீழாக நிற்கிறோம். போனஸ் சட்டம் குறைந்தபட்சம் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று வைத்தது. பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அந்தச் சட்டம் நம் வீட்டு வேலைக்காரருக்குப் பொருந்தாது, கணக்கு பொருந்தும். அவருக்கு வேண்டியது நம் அன்பின் அடையாளம் அல்ல, மகளின் பள்ளிக் கட்டணம். பண்டிகைச் செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான். கைவைக்கக் கூடாத ஒரே இடமும் இதுதான்.

2021 பொங்கலுக்கு முன்னால் பெரியக்கா போன் செய்தாள். கொரோனா காலம், எனக்கு அந்த ஆண்டு பாதிச் சம்பளம். எப்படிச் சொல்லுவது, எவ்வளவு குறைப்பது என்று நான் ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ தம்பி, இந்த வருசம் துட்டு அனுப்பாத," என்றாள். "சிறுகெழங்கு கிடைச்சா அனுப்பு. இங்க கிடைக்கிறதே இல்ல. ஒங்க அத்தான் அஞ்சு வருசமாக் கேக்காரு."

அஞ்சு வருடமாக அவர் கேட்டிருக்கிறார். நான் அஞ்சு வருடமாக 2,500, 4,000, 5,000 என்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்றவருக்கு அங்கே வாங்கக் கிடைக்காதது எது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. கையில் ரூபாயை வாங்கிக்கொண்டு கிழங்கு கேட்க முடியுமா?

ஆறு கிலோ சிறுகிழங்கு, மண்ணோடு. மஞ்சள் குலை, பனங்கிழங்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம். சாக்கில் கட்டி ஆம்னி பஸ்ஸில் போட்டேன். மதுரைக்கும் அப்படியே ஒன்று. பார்சல் கூலியோடு இரண்டுக்கும் சேர்த்து 2,000க்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து போன். கிழங்கைச் சாக்கோடு தரையில் அடித்துத் தோல் போக்கிக்கொண்டிருப்பதாகவும், அத்தான் வெறும் வயிற்றில் நின்று வேடிக்கை பார்ப்பதாகவும் அக்கா சொன்னாள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"கெழங்கு நல்லா இருக்கு. மஞ்சக் கொலைதான் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு? பாத்து வாங்கக் கூடாதா?"

"இந்த வருசம் வெளைச்சல் இல்லக்கா," என்றேன்.